அருளும் விருப்பமும் - புனித அகஸ்டினின் வாழ்க்கை

எல்லாம் இறைவன் செயல் என்றால் மனிதன் செய்வதற்கு என்ன மீதி இருக்கிறது? மனிதனே எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கிறான் என்றால் பிரார்த்தனை எதற்கு? பக்தி நெறியில் அடியெடுத்து வைக்கும் எவரும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வியின் முன் வந்து நிற்கவே வேண்டும். கிறிஸ்தவ உலகில் இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் சுமந்து நடந்தவர் புனித அகஸ்டின். அவருக்கு இது முதலில் வாழ்க்கையில் வந்தது. அதன் பிறகே நூல்களில் வந்தது.

கி.பி. 354, நவம்பர் 13 அன்று வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற சிற்றூரில் அகஸ்டின் பிறந்தார். இன்று அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் என்ற பெயரில் உள்ள ஊர் அது. அன்று ரோமப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. தந்தை பாட்ரீசியஸ் சிறு நிலவுடைமையாளர்; முன்கோபி; வாழ்வின் இறுதியில்தான் ஞானஸ்நானம் பெற்றார். தாய் மோனிகா ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தை. மகன் நன்றாகப் படித்துப் பெரிய பதவிக்கு வரவேண்டும் என்ற ஆசையில் இருவரும் ஒன்றுபட்டிருந்தனர். பக்கத்து ஊரான மதௌராவில் படித்துக்கொண்டிருந்த அகஸ்டின், மேற்படிப்புக்குப் பணம் சேரும்வரை பதினாறாம் வயதில் ஓராண்டு வீட்டில் சும்மா இருக்க நேர்ந்தது.

அந்த ஆண்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி உலகப் புகழ் பெற்றுவிட்டது. ஓர் இரவு அகஸ்டினும் நண்பர்களும் அண்டைவீட்டுத் தோட்டத்தில் புகுந்து பேரிக்காய்களைத் திருடினார்கள். பசியால் திருடவில்லை, அவர் வீட்டிலேயே அதைவிட நல்ல பழங்கள் இருந்தன. பறித்தவற்றில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு வீசி எறிந்தார்கள். பெரிய பாவங்கள் பலவற்றைப் பின்னர் ஒப்புக்கொண்ட அகஸ்டின், இந்தச் சில்லறைத் திருட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். ஆனால் அவரை உறுத்தியது பழத்தின் விலை அல்ல. காரணமே இல்லாமல், தவறு என்று தெரிந்தும், தவறாக இருப்பதாலேயே அதை விரும்பிய மனம் தம்முடையதுதானா என்ற திகைப்பு அது. விருப்பம் என்பது எங்கிருந்து எழுகிறது என்ற கேள்வி அந்தத் தோட்டத்தில் முளைவிட்டது.

பழியைத் தள்ளிவைத்த ஆண்டுகள்

ஊர்ச் செல்வர் ரோமானியானஸ் செய்த பொருளுதவியால் அகஸ்டின் கார்த்தேஜ் நகருக்குப் படிக்கச் சென்றார். சொற்கலையில் முதல் மாணவரானார். அங்கே ஒரு பெண்ணுடன் திருமணமின்றி வாழத் தொடங்கினார். அந்த உறவு பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். இறைவன் தந்தவன் என்று பொருள்படும் அதியோதாத்தஸ் என்ற பெயரை அவனுக்கு இட்டார்கள்.

பத்தொன்பதாம் வயதில் சிசரோ எழுதிய ஹொர்டென்சியஸ் என்ற நூலைப் படித்தபோது ஞானத்தின்மீது தீராத வேட்கை பிறந்தது. பைபிளை எடுத்துப் பார்த்தார். சிசரோவின் கம்பீரமான நடையில் ஊறியவருக்கு அதன் எளிய மொழி பிடிக்கவில்லை. அப்போது அவரை ஈர்த்தது மானிக்கேயம். பாரசீகத்தில் தோன்றிய மானி என்பவர் நிறுவிய சமயம் அது. ஒளி, இருள் என இரு முதல்பொருள்கள் என்றென்றும் போரிடுகின்றன. மனிதன் அந்தப் போர்க்களம். அவன் பாவம் செய்யும்போது உண்மையில் செய்வது அவனுள் சிக்கியிருக்கும் இருள் என்பது அதன் போதனை. ஒன்பது ஆண்டுகள் அகஸ்டின் இதைப் பின்பற்றினார். தவறு செய்தவன் நான் அல்லேன், என்னுள் இருக்கும் வேறொன்று என்று சொல்லிக்கொள்வதில் பெரிய ஆறுதல் இருந்தது என்பதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். குற்றமற்றவராகத் தம்மைக் கருதிக்கொள்ள அது வழி செய்தது. திருந்துவதற்கு மட்டும் வழி செய்யவில்லை.

மோனிகா அழுதார். மகனை வீட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்று தவித்தார். ஒருநாள் கனவில் அவர் ஒரு மரச்சட்டத்தின்மீது நிற்பதாகவும், அவர் நிற்கும் இடத்திலேயே மகனும் நிற்பான் என்று ஓர் இளைஞன் சொல்வதாகவும் கண்டார். அதைக் கேட்ட அகஸ்டின், ஒருநாள் தாயும் தம் பக்கம் வந்துவிடுவார் என்பதே இதன் பொருள் என்றார். மோனிகா உடனே மறுத்தார்: கனவில் கேட்டது, தாய் இருக்குமிடத்தில் மகன் என்பதுதானே தவிர, மகன் இருக்குமிடத்தில் தாய் என்பது அன்று. கனவைவிட, தயங்காமல் வந்த அந்த மறுமொழியே அகஸ்டினைக் கூடுதலாக அசைத்தது. ஒரு பிஷப்பிடம் சென்று மகனோடு வாதம் செய்யுமாறு மோனிகா மன்றாடியபோது, அவர் வாதம் செய்ய மறுத்து, இத்தனை கண்ணீருக்குப் பிறந்த மகன் அழிந்துபோக முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

மறுக்கப்பட்ட பிரார்த்தனை

383-ஆம் ஆண்டில் அகஸ்டின் ரோமுக்குப் போக முடிவு செய்தார். கார்த்தேஜ் மாணவர்கள் அடங்காதவர்கள். ரோமில் அமைதியாகப் பாடம் சொல்லலாம் என்று கேள்விப்பட்டிருந்தார். மோனிகா துறைமுகம்வரை வந்துவிட்டார். ஒன்று திரும்பி வா, அல்லது என்னையும் அழைத்துச் செல் என்பது அவருடைய பிடிவாதம். அகஸ்டின் பொய் சொன்னார். நண்பன் ஒருவனை வழியனுப்பவே வந்திருப்பதாகக் கூறி, துறைமுகத்தின் அருகில் புனித சிப்ரியனின் நினைவாலயத்தில் இரவு தங்குமாறு தாயை இணங்க வைத்தார். இரவு முழுவதும் மோனிகா அங்கே கண்ணீருடன் பிரார்த்தித்துக்கொண்டிருந்தார். மகன் கப்பலேறக் கூடாது என்பதுதான் அவருடைய வேண்டுதல். காற்று வீசிற்று; பாய் விரிந்தது; விடிந்தபோது கப்பல் இல்லை.

இந்த இரவை நினைத்துப் பார்த்த அகஸ்டின் பின்னாளில் ஒரு விளக்கம் கண்டார். தாய் அன்றிரவு கேட்டதை இறைவன் தரவில்லை; அவர் என்றென்றும் கேட்டுக்கொண்டிருந்ததைத் தருவதற்காகவே அதைத் தரவில்லை. மகன் இத்தாலிக்குப் போயிருக்காவிட்டால் மனமாற்றம் நேர்ந்த இடத்தை அடைந்திருக்க மாட்டான். ஆனால் இதற்காகத் தம் பொய்யை அவர் நியாயப்படுத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வஞ்சித்தது தம் விருப்பம், அது குற்றம். அந்தக் குற்றத்தையும் நன்மைக்குப் பயன்படுத்தியது இறைவன் விருப்பம். இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாமல் அருகருகே வைத்தார்.

ரோமில் கடும் காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். ரோம மாணவர்கள் அமைதியானவர்கள்தாம். ஆனால் கட்டணம் செலுத்தும் நாள் வந்தால் கூட்டமாக வேறு ஆசிரியரிடம் ஓடிவிடுவார்கள்! அடுத்த ஆண்டு, அரசவை இருந்த மிலான் நகருக்குச் சொற்கலை ஆசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். மானிக்கேய நண்பர்கள் பரிந்துரைத்தனர். நகர ஆளுநர் சிம்மாக்கஸ் தேர்வு செய்து அனுப்பினார். சிம்மாக்கஸ் பழைய ரோம தெய்வங்களை வழிபட்டவர். கிறிஸ்தவத்தோடு எவ்விதத் தொடர்பும் விரும்பாதவர்களின் கைகளே அகஸ்டினை மிலானில் பிஷப் அம்புரோசின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தின.

அம்புரோசின் பேச்சுக்கலையை ரசிக்கத்தான் அகஸ்டின் முதலில் தேவாலயத்துக்குப் போனார். சொற்களை ரசித்தவருக்குள் பொருளும் நுழைந்தது. பைபிளின் கடினமான பகுதிகளுக்கு ஆழ்ந்த பொருள் உண்டு என்பதையும், தீமைக்குக் காரணம் மனிதனின் சுதந்திர விருப்பமே என்பதையும் அங்கே கேட்டார். தாம் உயிரோடிருப்பது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயமாகத் தமக்கென்று ஒரு விருப்பம் இருப்பதை உணர்ந்தார். மானிக்கேயம் தந்த ஆறுதல் சரிந்தது. பிளேட்டோ வழிவந்த தத்துவ நூல்கள், தீமை ஒரு தனிப்பொருள் அன்று, நன்மையின் குறைவே அது என்பதை அவருக்குப் புரியவைத்தன.

அறிவு தெளிந்தது. வாழ்க்கை தெளியவில்லை. 385-இல் மிலான் வந்து சேர்ந்த மோனிகா மகனுக்கு உயர்குடியில் பெண் பார்த்தார். அதற்குத் தடையென்று கருதி, இத்தனை ஆண்டுகள் உடன்வாழ்ந்த பெண்ணை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். வேறு எந்த ஆணையும் இனி அறிவதில்லை என்று சபதம் செய்து, மகனை விட்டுவிட்டு அவள் போனாள். அவள் பெயரை அகஸ்டின் எங்கும் எழுதவில்லை. தம் இதயம் கிழிந்து குருதி வடிந்ததாக எழுதினார். நிச்சயிக்கப்பட்ட பெண்ணோ திருமண வயதை எட்ட இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அதுவரை காத்திருக்க முடியாமல் அகஸ்டின் இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். சபதம் செய்தவள் அனுப்பப்பட்ட அந்தப் பெண்ணாகவும், காக்க முடியாதவர் பேரறிஞராகவும் இருந்த முரணை அவரே உணர்ந்து வெட்கினார்.

மிலான் தோட்டம்

386-ஆம் ஆண்டு கோடைகாலம். பொன்டிசியானஸ் என்ற அரசவை அலுவலர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். விளையாட்டு மேசைமீது புனித பவுலின் கடிதங்கள் இருப்பதைக் கண்டு வியந்து, எகிப்தியத் துறவி அந்தோணியாரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அந்தோணியாரின் வரலாற்றைத் தற்செயலாகப் படித்த இரண்டு அரசு அலுவலர்கள் அந்த இடத்திலேயே பதவியைத் துறந்ததையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அகஸ்டினின் நெஞ்சு கொதித்தது. கல்லாதவர்கள் எழுந்து சொர்க்கத்தைப் பறித்துக்கொள்ள, கற்ற தாம் சேற்றில் புரள்கிறோமே என்று நண்பர் அலிப்பியசிடம் குமுறியபடி வீட்டுத் தோட்டத்துக்குள் சென்றார்.

அங்கே நடந்த போராட்டத்தை அவர் விவரித்துள்ள விதம், மனித மனத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மிக நுட்பமானது. தலைமுடியைப் பற்றி இழுத்தார், நெற்றியில் அறைந்துகொண்டார், முழங்காலைக் கட்டிக்கொண்டார். கை அசைய வேண்டும் என்று மனம் ஆணையிட்டால், ஆணைக்கும் அசைவுக்கும் இடைவெளியே தெரியாதபடி கை அசைகிறது. ஆனால் மனம் தன்னையே பார்த்து விரும்பு என்று ஆணையிட்டால் மனம் கேட்பதில்லை. அயலானாகிய உடல் பணிகிறது. தானேயாகிய மனம் பணிய மறுக்கிறது. ஏன்? முழுமையாக விரும்பாததால். பாதி மனம் எழுந்து நிற்கப் பாதி மனம் பழக்கத்தின் பாரத்தால் படுத்துக் கிடக்கிறது. இங்கே மானிக்கேயர் சொல்வதுபோல் இரண்டு இயல்புகள் இல்லை. விரும்பியவரும் அவரே, மறுத்தவரும் அவரே. இளமையில் தூய வாழ்வு தருமாறு வேண்டியபோதே, இப்போது வேண்டாம் என்று உள்ளூரச் சேர்த்துக்கொண்டவர் அல்லவா அவர்!

அலிப்பியசை விட்டு விலகி ஓர் அத்திமரத்தின் அடியில் விழுந்து அழுதார். அருகிலிருந்த வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் குரல் கேட்டது. எடுத்துப் படிக்கச் சொல்லும் ஏதோ பாட்டைப்போல அது திரும்பத் திரும்ப ஒலித்தது. குழந்தைகளின் எந்த விளையாட்டிலாவது இப்படி ஒரு பாட்டு உண்டா என்று யோசித்தார், நினைவுக்கு வரவில்லை. அந்தோணியார் தேவாலயத்தில் நுழைந்தபோது காதில் விழுந்த வாசகத்தைத் தமக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. விரைந்து சென்று பவுலின் நூலைத் திறந்தார். களியாட்டத்தையும் காமத்தையும் விட்டு இயேசு கிறிஸ்துவை அணிந்துகொள்ளச் சொல்லும் ரோமர் நிருபப் பகுதி கண்ணில் பட்டது. அதற்கு மேல் படிக்க வேண்டியிருக்கவில்லை. அலிப்பியசும் அதற்கடுத்த வரியைத் தமக்கென எடுத்துக்கொண்டார். இருவரும் உள்ளே போய் மோனிகாவிடம் சொன்னார்கள்.

ஆசிரியர் பதவியைத் துறந்து, மிலானுக்கு வெளியே காசிசியாகும் என்ற பண்ணை வீட்டில் நண்பர்களுடன் சில மாதங்கள் தங்கினார். 387-ஆம் ஆண்டு ஈஸ்டர் இரவில் அம்புரோசிடம் ஞானஸ்நானம் பெற்றார். அலிப்பியசும் பதினைந்து வயது அதியோதாத்தசும் உடன் பெற்றனர். ஊர் திரும்பும் வழியில் ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிகா நோயுற்றார். சொந்த ஊரில் கணவரின் அருகே தமக்கென ஒரு கல்லறையை ஏற்பாடு செய்து, அதில் மிகுந்த அக்கறை காட்டி வந்தவர் அவர். இப்போது அந்த விருப்பம் உதிர்ந்திருந்தது. உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், எங்கிருந்தாலும் இறைவனின் பீடத்தில் என்னை நினைவுகூருங்கள் என்பது மட்டுமே அவர் கேட்டது. ஐம்பத்தாறாம் வயதில் அங்கேயே காலமானார். துறைமுக இரவில் ஒன்றையே பிடித்துக்கொண்டு அழுத அதே தாய்தான் இவர்.

விரும்பாமல் கிடைத்த பணி

388-இல் தகாஸ்தே திரும்பிய அகஸ்டின் சொத்தைத் துறந்து நண்பர்களுடன் துறவு வாழ்வு தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் அதியோதாத்தஸ் இறந்தான். மகனுடன் நடத்திய உரையாடலை ஆசிரியரைப் பற்றி என்ற நூலாக அகஸ்டின் அமைத்திருக்கிறார். அதிலுள்ள கருத்துகள் யாவும் மகனுடையவையே என்று எழுதியதில் தந்தையின் பெருமிதமும் துயரமும் கலந்திருந்தன.

பிஷப் இல்லாத ஊர்களுக்குப் போனால் பிடித்துப் பிஷப்பாக்கிவிடுவார்கள் என்று அஞ்சி அத்தகைய ஊர்களைத் தவிர்த்து வந்தார். ஹிப்போ நகரில் பிஷப் இருந்ததால் 391-இல் தைரியமாகச் சென்றார். முதியவரான பிஷப் வலேரியஸ் கிரேக்கர். லத்தீனில் சரளம் இல்லாதவர். உதவிக்கு ஒரு குரு தேவை என்று அவர் ஆலயத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே மக்கள் அகஸ்டினைப் பிடித்து முன்னே தள்ளிவிட்டார்கள். அகஸ்டின் அழுதார். பிஷப் பதவி கிடைக்காமல் குரு பதவிதானே கிடைத்தது என்று அழுவதாக எண்ணிச் சிலர் தேற்றினார்கள்! தாம் தேர்ந்தெடுத்தது தனிமை, தரப்பட்டது ஜனக்கூட்டம். வேதம் கற்கச் சிறிது காலம் மட்டும் கேட்டுப் பெற்றுக்கொண்டு அவர் பணிந்தார். ஓரிரு ஆண்டுகள் வலேரியசுடன் இணை பிஷப்பாக இருந்தபின், 396 முதல் இறக்கும்வரை ஹிப்போவின் பிஷப்பாக விளங்கினார்.

அந்த ஆண்டுகளில் சுதந்திர விருப்பம் பற்றிய நூலை முடித்தார். மானிக்கேயருக்கு எதிராக, பாவத்தின் வேர் மனிதனின் விருப்பத்திலேயே இருக்கிறது என்று அதில் நிறுவினார். சிறிது காலத்தில் மிலான் குரு சிம்பிளிசியானஸ் ஒரு கேள்வி அனுப்பினார். பிறக்குமுன்பே யாக்கோபு தேர்ந்தெடுக்கப்பட்டு ஏசா விடப்பட்டது எப்படி? யாக்கோபின் பிற்கால நம்பிக்கையை முன்னறிந்ததால் என்று சொல்லிவிடலாமா? அகஸ்டின் அந்த வழியே நடந்து பார்த்தார்; அடைபட்டது. நம்ப வேண்டும் என்ற விருப்பமே எங்கிருந்து வருகிறது? எந்தக் காட்சி, எந்தச் சொல் நம் நெஞ்சைத் தொட்டு அசைக்கும் என்பதை நாம் நிர்ணயிக்க முடிகிறதா? சுதந்திர விருப்பத்தை நிலைநாட்டவே தாம் பாடுபட்டதாகவும், முடிவில் வென்றது இறைவனின் அருளே என்றும் முதுமையில் இதைப் பற்றிக் குறிப்பிட்டார். அந்தத் தெளிவோடு 397-ஆம் ஆண்டளவில் கன்ஃபெஷன்ஸ் என்ற வாழ்க்கை நூலை எழுதத் தொடங்கினார். தோட்டத்தில் அழுதது அவர். அடுத்த வீட்டுக் குழந்தையின் குரலை ஏற்பாடு செய்தது அவர் இல்லையே!

பெலாஜியஸ் கேட்டது

பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்து வாழ்ந்த பெலாஜியஸ் என்ற துறவி ஒழுக்கத்தில் சிறந்தவர். கன்ஃபெஷன்ஸ் நூலில் அகஸ்டின் இறைவனிடம், நீர் கட்டளையிடுவதைச் செய்யும் ஆற்றலை நீரே தந்துவிட்டு, பிறகு எதை வேண்டுமானாலும் கட்டளையிடும் என்ற பொருளில் வேண்டியிருப்பதை ஒரு பிஷப் அவர் முன்னிலையில் எடுத்துச் சொன்னார். பெலாஜியசால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் இறைவனே தரவேண்டும் என்றால், சோம்பேறிக்கும் கயவனுக்கும் அது நல்ல சாக்கு ஆகாதா? செய்ய முடியாததை நீதியுள்ள இறைவன் கட்டளையிடுவானா? நன்மையைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றலைப் படைப்பிலேயே தந்திருக்கிறான். வழிகாட்டச் சட்டத்தையும் கிறிஸ்துவின் முன்மாதிரியையும் தந்திருக்கிறான். இனி நடக்க வேண்டியது மனிதன். இப்படிப் போதித்தவரைத் தீயவர் என்று ஒதுக்கிவிட முடியாது. பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருந்த ரோமச் செல்வர்களை எழுப்ப முயன்றவர் அவர்.

410-இல் அலாரிக்கின் கோத் படைகள் ரோமைச் சூறையாடின. பெலாஜியஸ் கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்கு வந்து, பின் பாலஸ்தீனம் சென்றார். கார்த்தேஜில் ஓரிருமுறை அகஸ்டின் அவரைத் தொலைவிலிருந்து பார்த்ததுண்டு. இருவரும் அமர்ந்து பேசியதாக இல்லை. பேசியிருந்தால் வரலாறு வேறாகியிருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது. அகஸ்டினுக்கு பெலாஜியசின் போதனை தம் தோட்ட அனுபவத்தையே மறுப்பதாகப் பட்டது. வழி தெரியாததால் அவர் அங்கே விழுந்து கிடக்கவில்லை. வழி நன்றாகத் தெரிந்தது. நடக்கத்தான் கால் வரவில்லை. நோயாளியிடம் ஆரோக்கியத்தின் இலக்கணத்தைப் படித்துக் காட்டினால் நோய் தீருமா? மருத்துவர் தொட வேண்டும். அந்தத் தொடுகை விருப்பத்தைப் பறிப்பதில்லை. கட்டுண்ட விருப்பத்தை அவிழ்த்துவிடுகிறது. கடமையாக இருந்ததை இனிமையாக்குகிறது. 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆப்பிரிக்க பிஷப்புகளின் சங்கம் பெலாஜியசின் கொள்கையை நிராகரித்தது. அதன்பின் பெலாஜியஸ் வரலாற்றிலிருந்து மறைந்துபோகிறார்.

இந்த வாதத்தில் அகஸ்டின் சென்ற எல்லைகள் எல்லாவற்றையும் பிற்காலக் கிறிஸ்தவர்கள் ஏற்கவில்லை. ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகளைப் பற்றியும், மீட்புக்கென முன்னரே குறிக்கப்பட்டவர்களைப் பற்றியும் அவர் எழுதியவை கடுமையானவை. 529-இல் ஆரஞ்ச் நகரில் கூடிய சங்கம் அருளின் முதன்மையை ஏற்றது. தீமைக்கென எவரும் இறைவனால் குறிக்கப்படுகிறார்கள் என்ற கருத்தைக் கண்டித்தது. இன்னொரு நிழலும் உண்டு. ஆப்பிரிக்கத் திருச்சபையைப் பிளந்திருந்த டொனாட்டியர்களை விவாதத்தால் மட்டுமே அழைக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர், பின்னர் அரசுச் சட்டத்தின் வற்புறுத்தலை ஏற்றுக்கொண்டார். மரண தண்டனை கூடாதென்று அதிகாரிகளிடம் மன்றாடினார் என்றாலும், மனத்துக்குக் கட்டளையிட முடியாது என்பதை எல்லாரையும்விட நன்கு அறிந்தவர் இதற்கு இசைந்தது வருந்தத்தக்கதே.

துறவிகளின் கேள்வி

அகஸ்டினுக்கு எழுபது வயது கடந்தபின், இன்றைய துனீசியாவிலுள்ள சூஸ் நகரான ஹத்ருமேத்தத்திலிருந்து இளம் துறவிகள் சிலர் வந்தனர். அருளைப் பற்றி அகஸ்டின் எழுதிய ஒரு கடிதம் அவர்கள் மடத்துக்குப் போய், மடமே இரண்டுபட்டுவிட்டது. எல்லாம் அருளே என்றால் மனித முயற்சி ஒன்றுமில்லை என்று ஒரு சாரார். அப்படியானால் கடைசி நாளில் இறைவன் எதை வைத்துத் தீர்ப்பளிப்பார் என்று மறு சாரார். அகஸ்டின் வந்தவர்களை விரட்டவில்லை. ஈஸ்டர் முடியும்வரை தம்முடன் தங்கவைத்து, எழுத்தை எழுத்தாக விளக்கி, அருளும் சுதந்திர விருப்பமும் என்ற நூலை எழுதிக் கையில் கொடுத்தார். கட்டளைகள் இருப்பதே மனிதனுக்கு விருப்பம் உண்டு என்பதற்குச் சான்று. பிரார்த்தனை இருப்பதே அந்த விருப்பத்துக்கு உதவி தேவை என்பதற்குச் சான்று. இரண்டில் ஒன்றைக் காக்க மற்றதை அழிக்க வேண்டாம். புரிந்தால் இறைவனுக்கு நன்றி சொல்லுங்கள், புரியாவிட்டால் பிரார்த்தித்து மீண்டும் படியுங்கள் என்பது நூலின் முடிவில் அவர் கூறிய அறிவுரை.

விரைவிலேயே இன்னொரு கேள்வி எழுந்தது. திருந்துவதும் இறைவன் அருளே என்றால், தவறு செய்தவனை மடத்தலைவர் ஏன் கண்டிக்க வேண்டும்? அவனுக்காகப் பிரார்த்தித்தால் போதாதா? சாமர்த்தியமான கேள்வி! கண்டனமும் அருளும் என்ற நூல் இதற்குப் பதிலாகப் பிறந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதைக் கட்டளை காட்டுகிறது. செய்யாதது தன் குற்றமே என்பதைக் கண்டனம் உணர்த்துகிறது. செய்யும் வலிமை எங்கிருந்து வரும் என்பதைப் பிரார்த்தனை நினைவூட்டுகிறது. யார் திருந்துவார் என்பது மனிதனுக்குத் தெரியாது. ஆகவே எவரையும் கைவிட அவனுக்கு உரிமை இல்லை. அன்போடு கண்டிப்பதும் இறைவன் பயன்படுத்தும் கருவியே. மோனிகா பிரார்த்தித்ததோடு நிற்கவில்லை. கடல் கடந்தும் மகனைப் பின்தொடர்ந்து வந்தார் என்பதை அவர் மறந்திருக்க முடியாது.

முற்றுகை

429-இல் கைசெரிக்கின் தலைமையில் வாண்டல்கள் ஸ்பெயினிலிருந்து ஆப்பிரிக்காவுக்குள் இறங்கினர். ஊர்கள் எரிந்தன. ஹொனராத்தஸ் என்ற பிஷப், ஒரு நகரில் துன்புறுத்தினால் மறு நகருக்கு ஓடுங்கள் என்று கிறிஸ்துவே சொல்லியிருக்க, தாம் ஏன் தங்க வேண்டும் என்று கேட்டு எழுதினார். அகஸ்டின் நீண்ட மறுமொழி அனுப்பினார். ஒருவரை மட்டும் தேடிவந்தால் அவர் தப்பலாம். பவுல் தமாஸ்கசில் கூடையில் இறங்கித் தப்பினாரே, ஆலயப் பணியைத் தொடர அங்கே மற்றவர்கள் இருந்தார்கள். ஆபத்து எல்லாருக்கும் பொதுவானால், பிறரை நம்பியிருக்கும் மக்களைப் போதகர்கள் விட்டுவிடக் கூடாது. எல்லாப் போதகர்களும் இறந்துவிடாதபடி சிலர் விலக வேண்டியிருந்து, யார் தங்குவது யார் போவது என்பதில் சச்சரவு வந்தால் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள் என்றும் எழுதினார். இறைச்சித்தம் என்ற பெரிய சொல்லுக்கு முன் சாதாரணமான, பொறுமையான யோசனைகள் இத்தனை அவரிடம் இருந்தன.

430-ஆம் ஆண்டு கோடையில் ஹிப்போ முற்றுகையிடப்பட்டது. அடைக்கலம் தேடிவந்த பிஷப்புகள் அவருடைய உணவு மேசையில் அமர்ந்திருந்தார்கள். அவர்களுள் ஒருவரான போசிடியஸ் அவருடைய வரலாற்றை எழுதியவர். தம் வேண்டுதல் இன்னதென்று ஒருநாள் அகஸ்டின் அவர்களிடம் சொன்னார். நகரை இறைவன் விடுவிக்கட்டும். அது அவர் விருப்பம் இல்லையென்றால், அந்த விருப்பத்தைத் தாங்கும் வலிமையை அடியார்களுக்குத் தரட்டும். இல்லையேல் தம்மை இவ்வுலகிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் காய்ச்சல் கண்டு படுத்தார். நோயாளி ஒருவரைக் கொண்டுவந்து, கைவைத்துக் குணமாக்குமாறு கேட்டார்கள். அத்தகைய ஆற்றல் தமக்கு இருந்தால் முதலில் தமக்கே பயன்படுத்தியிருப்பேனே என்று புன்னகையோடு மறுத்தார். கனவில் சொல்லப்பட்டு வந்ததாக அவர்கள் வற்புறுத்தவே, கைவைத்துப் பிரார்த்தித்தார். அந்த மனிதர் குணமடைந்து சென்றதாகப் போசிடியஸ் எழுதுகிறார்.

தாவீது அரசரின் மனம் வருந்தும் சங்கீதங்களை எழுதச் சொல்லி, படுக்கையிலிருந்து பார்க்கும்படி சுவரில் ஒட்டவைத்தார். கடைசிப் பத்து நாட்கள் மருத்துவர் வரும் நேரமும் உணவு வரும் நேரமும் தவிர யாரும் உள்ளே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தச் சங்கீதங்களைப் படித்தபடி அழுதுகொண்டிருந்தார். ஆகஸ்ட் 28 அன்று, எழுபத்தாறு வயது நிறைவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது, பிஷப்புகள் சூழ்ந்து பிரார்த்தித்துக்கொண்டிருக்க உயிர் பிரிந்தது.

உயில் எதுவும் எழுதவில்லை. எழுதிவைக்க உடைமை இல்லை. ஆலயத்தின் நூல்களைக் கவனமாகப் பாதுகாக்க வேண்டும் என்று மட்டும் பலமுறை சொல்லியிருந்தார். அவர் இறந்தபின்னும் பல மாதங்கள் நீடித்தது முற்றுகை. மக்கள் வெளியேறிய நகரின் ஒரு பகுதி தீக்கிரையானது. நூல்கள் தப்பின.